எம்எக்ஸ்-5 வால்வு கவர் பாலிஷ்: எங்கே தொடங்குவது, எதைத் தொடக் கூடாது?

ரோட்ஸ்டர்91 (லெஸ்டர், இங்கிலாந்து)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1991ஆம் ஆண்டு மஸ்தா எம்எக்ஸ்-5 இருக்கிறது. முதல் தலைமுறை, 1.6 லிட்டர், சிவப்பு. பாடியில் துரு வேலை எல்லாம் போன வருடமே முடிந்துவிட்டது. இப்போது பானட்டைத் திறந்தால்தான் மனசு கேட்கவில்லை. என்ஜினின் மேல்மூடியான வால்வு கவர் முழுக்க வெள்ளை பூத்து, எண்ணெய்க் கறை மஞ்சளாகப் படிந்து கிடக்கிறது. தெர்மோஸ்டாட் மேல்மூடியும் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டும் அதே கதிதான்.

இந்த காரின் என்ஜினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு கேம் ஷாஃப்டுக்கும் மேலே இரண்டு மேடு, நடுவில் பிளக் வரிசை. 1960களின் இங்கிலாந்து, இத்தாலி ரோட்ஸ்டர்களை நினைவுபடுத்துகிற அமைப்பு. பிளாஸ்டிக் மூடி போட்டு மறைக்காமல், பார்க்கட்டும் என்றே விட்டிருக்கிறார்கள். அதனால்தான் அதைப் பளபளப்பாக்கிப் பார்க்க ஆசை.

கவரை இன்னும் கழற்றவில்லை. கையில் இருப்பது ஒரு 8 இஞ்ச் பெஞ்ச் கிரைண்டர், ஒரு டிரில், ஒரு டிரெமெல். மெட்டல் பாலிஷ் கிரீமை ஓர் ஓரத்தில் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கறுப்பாகத் துணியில் வந்தது, ஆனால் பளபளப்பு வரவில்லை. எங்கே தொடங்க வேண்டும்? கவரோடு வேறு எதையெல்லாம் தேய்க்கலாம்?

பட்டறைவாசி (சென்னை)

தம்பி, கிரீம் கடைசி வேலை. அதை முதலில் போட்டால் மேடு பள்ளமெல்லாம் அப்படியே இருக்கும், மேடு மட்டும் மினுக்கும்.

நான் எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில் பஃபிங் பழகியவன். இப்போது பைக், கார் அலுமினிய பாகங்கள்தான் அதிகம். எங்கள் பட்டறையில் புதுப் பையன் சேர்ந்தால் மூன்று மாசம் வீல் (மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரம்) பக்கமே விட மாட்டோம், உப்புத்தாள்தான். பளபளப்பில் முக்கால் பங்கு தாளில் முடிந்துவிடும். வீல் செய்வது மீதிக் கால் பங்கு.

வார்த்த அலுமினியத்தின் மேல்தோல் சொரசொரப்பு. அச்சின் தடம் அது. அதைச் சமமாக்க 120 அல்லது 180 தாளில் தொடங்குங்கள் (எண் ஏற ஏறத் தாள் நைசாகும்). பிறகு 240, 320, 400, 600, 800, 1000. அவசரத்தில் ஒரு படி தாண்டினால் அடுத்த படியில் இரட்டிப்பு நேரம் போகும்.

ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றுங்கள். 180இல் குறுக்காகத் தேய்த்தால் 240இல் நெடுக்காக. பழைய கோடு ஒன்றுகூட மிச்சம் இல்லாமல் போன பிறகுதான் அடுத்த தாள். கண் ஏமாற்றும் என்பதால் மார்க்கர் பேனாவால் மேலே கிறுக்கிவிட்டுத் தேய்ப்போம். மை முழுக்கப் போயிருந்தால் அந்த இடத்தைத் தாள் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். பள்ளத்தில் மை நின்றால் வேலை பாக்கி. தாள் மாற்றும்போது பாகத்தையும் கையையும் கழுவுங்கள். 180இன் ஒரே ஒரு மணி 600 தாளுக்கு அடியில் மாட்டினால் அரை நாள் வேலை போச்சு.

400க்கு மேல் ஈரத்தாள். அலுமினியத் தூள் தாளில் அடைத்துக்கொள்ளும், அதற்குத் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு போதும்.

நெய்தல் (டொரொண்டோ)

நான் எதிர்த்துப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ரோட்ஸ்டர், உங்கள் கார் முப்பது வருடம் தாண்டியது. கம்பெனியில் இருந்து வந்தபோது அந்தக் கவர் மங்கலான வார்ப்பு நிறத்தில்தான் இருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியாக இருந்ததே இல்லை. ஒரு தடவை தேய்த்துவிட்டால் அந்தத் தோல் திரும்ப வராது.

இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், இங்கிலாந்திலும் அப்படித்தான். பூச்சு இல்லாத அலுமினியத்தில் உப்பு ஈரம் பட்டால் வெள்ளைப் புள்ளி வரும். பளபளவென்று இருக்கும் பாகத்தில் அது ஊரறியத் தெரியும். நானும் ஒரு காலத்தில் முழுப் பாலிஷ் போட்டவன். இரண்டு குளிர்காலம் வண்டியை வெளியே எடுத்தேன், மூன்றாம் வருடம் எல்லாம் முதலிலிருந்து.

என் யோசனை வேப்பர் பிளாஸ்டிங். தண்ணீரோடு நுண்ணிய கண்ணாடி மணியைக் கலந்து அடிப்பார்கள். மணி தோலை அறுக்காது, தட்டித் தட்டி மூடும். வெள்ளிக் கம்பளம் மாதிரி மென்மையான நிறம் வரும். கம்பெனியில் இருந்து வந்ததற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும், கைரேகையும் எளிதில் பதியாது.

பழைய911 (பிராங்பேர்ட்)

நெய்தல் சொல்வது நல்ல வழிதான், ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

வால்வு கவருக்கு உள்பக்கம் ஒரு தடுப்புத் தகடு இருக்கும். என்ஜின் மூச்சு விடும் குழாயில் எண்ணெய் நேராகப் போகாமல் தடுப்பதற்கு. அந்தத் தகடுக்கும் கவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு பொந்து மாதிரி. நான் ஒரு கவரை பிளாஸ்டிங் கடையில் கொடுத்தேன், கடை பெயர் வேண்டாம். தகட்டைக் கழற்றாமலே அடித்திருக்கிறார்கள். பார்க்க அழகாகத் திரும்பி வந்தது. வீட்டில் தலைகீழாகக் கவிழ்த்து ரப்பர் சுத்தியலால் தட்டினேன், சர்க்கரை கொட்டுவது போல் மேசையில் மணி உதிர்ந்தது. கழுவினேன், காற்று அடித்தேன், மறுபடி தட்டினேன், மறுபடி உதிர்ந்தது. நான்காம் தடவையும் வந்ததும் தகட்டையே கழற்றினேன். மூலையில் ஈரமண் மாதிரி அப்பியிருந்தது.

அதோடு பூட்டியிருந்தால் மணி எண்ணெயோடு கேம் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் போயிருக்கும். என்ஜின் காலி. தகட்டைக் கழற்ற முடியாது என்றால் பிளாஸ்டிங் வேண்டாம். இது கைப் பாலிஷுக்கும் பொருந்தும். உப்புத்தாள் தூளும் பஃபிங் சோப்பும் அந்தப் பொந்துக்குள் போகும். வேலை தொடங்கும் முன்பே மூச்சுக்குழாய்த் துளை, எண்ணெய் ஊற்றும் வாய் இரண்டையும் அடைத்து, அடிப்பக்கம் முழுவதையும் கனமான டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று. இது எம்எக்ஸ்-5க்கு இல்லை, ஆனால் படிக்கிற எல்லோருக்கும். வெள்ளி நிறத்தில் இருப்பதெல்லாம் அலுமினியம் இல்லை. பழைய போர்ஷே 911இல் 1968 முதல் 1977 வரை பெரும்பாலான மாடல்களின் கிராங்க் கேஸ் (என்ஜினின் கீழ்ப்பகுதிக் கூடு) மக்னீசியம். மக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் இன்னும் கொழுந்துவிட்டு எரியும். சந்தேகம் வந்தால் கண்ணில் படாத ஓரத்தில் அரத்தால் கொஞ்சம் சுரண்டி, ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மக்னீசியம். அலுமினியத்தில் அப்படி எதுவும் நடக்காது. பொங்கினால் அந்தப் பாகத்தை எடுத்து வைத்துவிடுங்கள், வீட்டில் செய்கிற வேலை இல்லை அது.

ரோட்ஸ்டர்91

நன்றி அண்ணா. தகடு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது.

நெய்தல், நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வண்டி நவம்பரில் கராஜுக்குள் போனால் மார்ச்சில்தான் வெளியே வரும். உப்பு ரோட்டைப் பார்க்காது. போட்டிக்கும் கொண்டுபோகப் போவதில்லை. அதோடு பழைய பொருள் சந்தையில் இன்னொரு கவர் 40 பவுண்டுக்குக் கிடைத்தது. அதில்தான் கை வைக்கப் போகிறேன், வண்டியோடு வந்த கவர் அப்படியே பத்திரமாக இருக்கும்.

ஒரு சந்தேகம். கவரில் படிந்த எண்ணெய்க் கரியை எடுக்க அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்ப்ரே வாங்கி வைத்திருக்கிறேன். அடிக்கலாமா?

பட்டறைவாசி

வேண்டாம்! டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு என்று எழுதியிருந்தால் அது காஸ்டிக் சோடா. அலுமினியத்தைத் தின்னும். நுரை வந்து ஹைட்ரஜன் கிளம்பும், பாகம் கறுத்துப்போகும், மேலே நுண்குழிகள் விழும். கறுப்பைத் தேய்த்து எடுக்கலாம், குழியை எடுக்க 120 தாளுக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் அலுமினியப் பாத்திரத்தைச் சோடா உப்பு போட்டுக் கொதிக்க வைத்தால் கறுக்கும் பார்த்திருப்பீர்கள், அதன் பெரிய அண்ணன் இது.

மண்ணெண்ணெயும் பழைய பெயிண்ட் பிரஷும் போதும். ஊற வைத்து, தேய்த்து, பிறகு சுடுதண்ணீரில் பாத்திர சோப்பு. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் ஹீட்டர் எதுவும் இருக்கக் கூடாது.

மலைச்சாரல் (கோலாலம்பூர்)

ஒரு கேள்வி. நான் படித்தது மெக்கானிக்கல். கண்ணாடி போல் பாலிஷ் போட்ட உலோகம் வெப்பத்தைக் கதிர்வீசுவது ரொம்பக் குறைவு என்று படித்திருக்கிறோம். அப்படியானால் என்ஜின் கூடுதலாகச் சூடாகாதா? இதைப் பல இடங்களில் பயமுறுத்தலாகச் சொல்கிறார்கள்.

பழைய911

தங்கச்சி, கேட்க வேண்டிய கேள்விதான். பாலிஷ் போட்ட அலுமினியத்தின் உமிழ்திறன் 0.05 அளவில் இருக்கும், பெயிண்ட் அடித்ததில் 0.9 பக்கம். தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் பாலிஷ் போடாத வெறும் அலுமினியத்திலும் அது குறைவுதான், பெயிண்ட் பக்கம்கூட வராது. அதோடு இந்த என்ஜினின் சூட்டை எடுப்பது ரேடியேட்டரும் தண்ணீரும். வால்வு கவர் அதில் ஒரு சிறு பங்கு, அதுவும் பெரும்பாலும் காற்று பட்டுத்தான் ஆறுகிறது. வெப்பமானி முள் நகராது.

காற்றால் குளிரும் என்ஜினின் இறகுகளைத் தேய்த்து மெலிதாக்கினால் அது வேறு கதை. அங்கே கை வைக்க வேண்டாம்.

மலைச்சாரல்

தெளிவாகிவிட்டது, நன்றி அண்ணா. வெறும் அலுமினியத்தோடுதான் ஒப்பிட வேண்டும், பெயிண்டோடு இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. அப்படியே இன்னொன்று, எவ்வளவு தேய்த்தாலும் சில வார்ப்புகள் சாம்பல் நிறத்திலேயே நிற்கின்றனவே, அது சிலிக்கனாலா?

பட்டறைவாசி

ஆமாம்மா. வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கன் கலப்பார்கள், அச்சில் நன்றாக ஓடி நிரம்புவதற்கு. ஏ356 என்ற கலவையில் 7 சதவீதம் அளவுக்கு, எல்எம்6இல் 10 முதல் 13 சதவீதம் வரை. சிலிக்கன் ஏற ஏறப் பளபளப்பில் ஒரு சாம்பல் சாயல் தட்டும். கட்டியில் கடைந்து எடுத்த 6061 கலவைப் பாகத்தைப் போல் நீலவெள்ளையாக வராது. அது உங்கள் கைக்குற்றம் இல்லை, உலோகத்தின் குணம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. வார்ப்பின் மேல்தோல் கெட்டி, உள்ளே சில இடத்தில் குண்டூசி முனை அளவு காற்றுத் துளைகள். ஆழமாகத் தேய்த்தால் அவை திறக்கும். இரண்டு மூன்று துளை தெரிந்தால் அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். ஒன்றை எடுத்தால் அடியில் நாலு காத்திருக்கும்.

ரோட்ஸ்டர்91

இரண்டு வாரம் ஆயிற்று. 180இல் தொடங்கி 800 வரை வந்துவிட்டேன். மொத்தம் பதினாறு மணி நேரம் இருக்கும், ராத்திரி வேலை முடிந்து வந்து ஒன்றரை மணி, இரண்டு மணி என்று. எழுத்துகளைச் சுற்றியுள்ள இடத்துக்கு ஐஸ்கிரீம் குச்சியில் தாளைச் சுற்றித் தேய்த்தேன். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது, குச்சியால் தேய்த்தால் சமமாக வருகிறது. பிளக் வரிசைப் பள்ளத்தின் தரைப் பகுதியைத் தேய்க்காமல் மங்கலாகவே விட்டுவிட்டேன். பக்கத்தில் மேடு மின்னும்போது அந்த மங்கல் அழகாகத்தான் இருக்கிறது.

அடுத்து வீல். எந்த வீல், எந்தச் சோப்பு?

பட்டறைவாசி

தரையை மங்கலாக விட்டது நல்ல முடிவு.

1000 முடித்துவிட்டு வாருங்கள். முதலில் தையல் போட்ட பருத்தி வீல், அதில் பழுப்பு டிரிப்போலி சோப்பு. அடுத்து தையல் இல்லாத மெத்து வீல், அதில் வெள்ளைச் சோப்பு. பச்சைச் சோப்பு எவர்சில்வருக்கு, இதற்கு வேண்டாம். ஒரு வீலுக்கு ஒரு சோப்புதான், கலக்கவே கூடாது. வீல் மேல் பேனாவால் எழுதி வையுங்கள். சோப்பை ஒரு நொடி தொட்டால் போதும், அப்பினால் பாகத்தில் கறுப்புக் கோடாக ஒட்டும்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள் தம்பி. 8 இஞ்ச் வீல், நிமிடத்துக்கு 2850 சுற்று. வீலின் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். பாகத்தை வீலின் நடுக்கோட்டுக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும். வீல் உங்களை நோக்கிக் கீழ்முகமாகச் சுற்றும்போது, பாகத்தின் மேல்விளிம்பை வீலுக்கு எதிரே காட்டவே கூடாது. பாதி வரை தேய்த்து, திருப்பிப் பிடித்து மறு பாதி. விளிம்பை எதிரே காட்டினால் வீல் பிடுங்கிக்கொள்ளும். எங்கள் பட்டறையில் ஒரு பையன் கையிலிருந்து பைக் கிளட்ச் மூடியை வீல் பிடுங்கியது, தரையில் அடித்து எழும்பி அவன் முழங்காலைப் பதம் பார்த்தது. ஆறு தையல். உங்கள் கவர் அதைவிடப் பெரியது.

தொளதொளச் சட்டை, கழுத்துச் சங்கிலி, கம்பளிக் கையுறை எதுவும் வேண்டாம். முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, மூக்குக்கு நுண்தூளைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 மாஸ்க். அதே கிரைண்டரில் இரும்பு தீட்டியிருந்தால் முழுக்கச் சுத்தம் செய்த பிறகே வீலை மாட்டுங்கள். அலுமினியத் தூளும் துருத் தூளும் சேர்ந்த இடத்தில் இரும்புப் பொறி விழுந்தால் தீ. தண்டவாளத்தை ஒட்டவைக்கும் தெர்மைட் என்பது இந்த இரண்டும்தான்.

நெய்தல்

வீல் முடிந்ததும் பாகத்தில் எண்ணெய்ப் பசையாக ஒரு படலம் நிற்கும். துணியால் துடைத்தால் நுண்கீறல் விழும். சோளமாவைத் தூவி மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துப் பாருங்கள், மாவு பசையை இழுத்துக்கொள்ளும். எழுத்துக்கு இடையே மென்மையான பல் பிரஷ்.

அப்புறம், மேலே கிளியர் லாக்கர் அடிக்க வேண்டாம். தொட முடியாத அளவுக்குச் சூடாகும் பாகம் அது. ஓரத்தில் மஞ்சளித்து, வெங்காயத்தோல் மாதிரி உரியும். உரிந்ததை எடுக்க மறுபடி உப்புத்தாள். வருடத்துக்கு மூன்று தடவை மெட்டல் பாலிஷ், மேலே மெழுகு, அது போதும். எனக்கு மங்கல்தான் பிடிக்கும் என்றாலும் உங்கள் கவரைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

பழைய911

கவரோடு வேறு எதையெல்லாம் தேய்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். தெர்மோஸ்டாட் மேல்மூடி அலுமினியம், தேய்க்கலாம், ஆனால் கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் பட்டை) உட்காரும் முகத்தை வீலுக்குக் காட்ட வேண்டாம். விளிம்பு உருண்டுவிட்டால் தண்ணீர் கசியும். வால்வு கவரின் அடி விளிம்புக்கும் இதே கதைதான்.

இரும்பு பிராக்கெட்டுகளைத் தேய்க்க வேண்டாம். அவற்றின் மேல் துத்தநாக முலாம் இருக்கிறது, அதைத் தேய்த்தால் ஒரே மாதத்தில் துரு. கழற்றி மஞ்சள் முலாம் போடக் கொடுங்கள். எக்ஸாஸ்ட் வெப்பத் தகடும் பல கார்களில் அலுமினியம் பூசிய இரும்புதான், பூச்சு போனால் தகடு போச்சு. பிரேக் மாஸ்டர் சிலிண்டரைப் பளபளப்பாக்க வேண்டும் என்று ஆசை வந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பிரேக்கில் தூள் போகக் கூடாது, அவ்வளவுதான்.

ரோட்ஸ்டர்91

கவரை மாட்டிவிட்டேன். பானட்டைத் திறந்தால் கராஜ் டியூப்லைட் அதில் நேர்கோடாகத் தெரிகிறது. என் மகள் வந்து கவரில் முகம் பார்த்துப் பொட்டு சரிசெய்துகொண்டு போனாள்.

ஆனால் ஒரு பிரச்சினை. நாற்பது மைல் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் என்ஜினின் பின்பக்கம் எண்ணெய் வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டுகிறது. முன்பு சொட்டியதே இல்லை. பின் கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் வளையம்) போய்விட்டதா? கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா?

பழைய911

பொறுங்கள், கியர்பாக்ஸில் கை வைக்க வேண்டாம். கவர் கழற்றி மாட்டிய பிறகு வந்த கசிவு என்றால் மேலிருந்துதான் வருகிறது. மூன்று கேள்வி:

கேஸ்கட் புதிதா? முன்னும் பின்னும் கேம் தொப்பிகள் (கேம் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் மூடிகள்) ஹெட்டோடு சேரும் மூலைகளில் சிலிக்கோன் சீலன்ட் ஒரு சொட்டு வைத்தீர்களா? போல்ட்டை எவ்வளவு இறுக்கினீர்கள்?

அந்த போல்ட்டுகளுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீட்டர்தான். மணிக்கட்டால் இறுக்கும் அளவு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றாக.

ரோட்ஸ்டர்91

கேஸ்கட் புதிது. சீலன்ட் முன்பக்கம் வைத்தேன், பின்பக்கம் வைக்கவில்லை. கை போகவில்லை, பளபளப்பு கீறுமோ என்ற பயத்தில் அவசரமாக இறக்கிவிட்டேன்.

பழைய911

அப்போது அதுதான். கழற்றும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஹெட்டின் பின்னால் கேம் ஷாஃப்டின் நிலையைப் பார்க்கும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கும். அதன் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வருடக்கணக்கில் கல்லாகிக் கசியும், இந்த 1.6இல் ரொம்ப வழக்கம். அதிலிருந்து கசிந்தாலும் இதே இடத்தில்தான் சொட்டும், பலர் கிராங்க் சீல் என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுகிறார்கள். கீழே ஹீட்டர் ஹோஸ் போகிறது, எண்ணெய் பட்டு ரப்பர் மெத்தென்று ஆகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். சென்சாரைக் கழற்றும் முன் அது நிற்கும் நிலையைக் கோடு போட்டுக் குறித்துவையுங்கள், இல்லையென்றால் இக்னிஷன் டைமிங் மாறும்.

ரோட்ஸ்டர்91

சனிக்கிழமை முழுக்க அதுதான் வேலை. நீங்கள் சொன்ன ஓ-ரிங்கை எடுத்தேன், வளைக்கப் போனால் இரண்டாக உடைந்தது. புதிது போட்டு, குறித்த கோட்டிலேயே சென்சாரை வைத்தேன். பின் மூலைகள் இரண்டிலும் சீலன்ட். கவரை இறக்கும்போது பழைய துவாலையை ஃபயர்வால் (என்ஜின் அறையின் பின்சுவர்) பக்கம் தொங்கவிட்டேன், ஒரு கீறல்கூட இல்லை. ஹீட்டர் ஹோஸ் ஆர்டர் போட்டிருக்கிறேன்.

ஞாயிறு பீக் டிஸ்ட்ரிக்ட் வரை போய் வந்தோம், நூற்றிருபது மைல். அடியில் அட்டை விரித்து ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் அட்டை காய்ந்து கிடந்தது.

பட்டறைவாசி

ரொம்ப சந்தோஷம் தம்பி. போட்டோவில் எழுத்துக்கு வலது பக்கம் குறுக்கே ஒரு மங்கல் பட்டை தெரிகிறது, 600இல் விட்ட கோடு அது. அடுத்த தடவை கவர் வெளியே வரும்போது 800இலிருந்து மறுபடி எடுங்கள், அதுவரை அப்படியே ஓட்டுங்கள்.